காது கொடுப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு

புதிய கருத்துகளுக்கு மனத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றும், கேட்டதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்றும் ஒரே மூச்சில் நமக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. இரண்டும் சரியான அறிவுரைகள்தாம். ஆனால் இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது எப்படி என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் பலர் இவற்றை ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணி, பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக நடுவில் நிற்பதுதான் நிதானம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நடுநிலையால் பெரிய பயன் இல்லை. ஒரு மருந்து நோயைக் குணமாக்குகிறதா என்று கேட்டால், "ஓரளவு உண்மையாக இருக்கலாம்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்பவர் அந்தக் கருத்தை முழுமையாகக் கேட்கவும் இல்லை, அதைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

கேட்பதும் ஏற்பதும் தனித்தனிச் செயல்கள் என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். ஒரு கருத்தைக் கேட்கும்போது நாம் இழப்பது சிறிது நேரத்தைத்தான். ஆகவே அங்கே தாராளமாக இருக்கலாம். சொல்பவர் யார், அவருடைய பேச்சு எப்படி, கருத்து எவ்வளவு விசித்திரமானது என்பதையெல்லாம் பொருட்படுத்தாமல் முழுவதையும் கேட்டுவிடலாம். ஏற்றுக்கொள்ளும்போது நிலைமை மாறுகிறது. ஏற்ற கருத்தை வைத்து நாம் முடிவெடுக்கிறோம், பணம் செலவிடுகிறோம், மருந்து உட்கொள்கிறோம், பிறருக்கும் எடுத்துச் சொல்கிறோம். அங்கே கறாராக இருந்தாக வேண்டும். கேட்கும்போதே தீர்ப்பு எழுதிவிடுபவர் நல்ல கருத்துகளை இழக்கிறார். கேட்டவுடன் தலையாட்டிவிடுபவர் பொய்யான கருத்துகளைச் சுமக்கிறார். இரண்டு செயல்களையும் ஒன்றாக்கிவிடுவதுதான் இருவரும் செய்யும் தவறு.

இவற்றைச் சரியாகப் பிரித்துக் கையாண்ட ஒருவரின் வேலையைக் கிட்ட நின்று பார்ப்போம். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846-இல் முதல் பிரிவில் சேர்ந்த தாய்மார்களில் 11 விழுக்காட்டினருக்கும் மேல் இறந்துபோனார்கள்; இரண்டாம் பிரிவில் இறந்தவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. முதல் பிரிவில் உதவி மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ், இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எதையும் கேலியாகத் தள்ளிவிடவில்லை. கூட்ட நெரிசல் காரணமா என்று பார்த்தார். இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம் என்று தெரிந்தது. பிரசவத்தின்போது தாய் படுக்கும் நிலை காரணமா என்று பார்க்க, முதல் பிரிவிலும் இரண்டாம் பிரிவைப் போலப் பக்கவாட்டில் படுக்கவைத்தார், மாற்றம் இல்லை. இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குச் சமயச் சடங்கு செய்ய வரும் பாதிரியாருக்கு முன்னால் ஒலிக்கும் மணியோசை, முதல் பிரிவில் உள்ள மற்ற தாய்மார்களை அச்சுறுத்தி நோயில் தள்ளுகிறது என்றுகூட ஒரு கருத்து இருந்தது. மணியை நிறுத்தி, வேறு வழியாக வரச்சொல்லிப் பார்த்தார். இறப்பு குறையவில்லை, அந்தக் கருத்தைக் கைவிட்டார்.

மணியோசைக் கருத்தை அவர் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இன்றைய கண்ணுக்கு அது அபத்தமாகத் தோன்றும். அவரோ "இது உண்மையானால் மணியை நிறுத்தியதும் எது மாற வேண்டும்?" என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு விடை கிடைக்கும்படி ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்தார். திறந்த மனமும் பகுத்தறிவும் அந்த ஒரே கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

1847-இல் அவருடைய நண்பரான யாகோப் கொல்லெச்கா என்ற மருத்துவர், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமடைந்து, அந்தத் தாய்மார்களைக் கொன்றுவந்த பிரசவக் காய்ச்சலை ஒத்த அறிகுறிகளுடன் இறந்தார். முதல் பிரிவு மருத்துவர்கள் பிணப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் அங்கே போவதே இல்லை. கையில் ஒட்டிவரும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று ஊகித்த செம்மல்வைஸ், அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். 1848-இல் இரண்டு பிரிவுகளிலும் இறப்பு ஏறத்தாழ 1.3 விழுக்காடாக இறங்கிவிட்டது.

அப்படியும் அக்கால மருத்துவர்களில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். கெட்ட காற்றாலும் உடலின் சமநிலைக் குலைவாலும் நோய் வருகிறது என்பது அவர்கள் படித்த பாடம். தங்கள் கைகளே தாய்மார்களைக் கொன்றன என்பது தாங்கிக்கொள்ளக் கூடிய செய்தியும் அல்ல. செம்மல்வைஸின் பக்கமும் குறைகள் இருந்தன. தம் ஆய்வை விரிவான நூலாக அவர் எழுதியது 1861-இல்தான். கிருமிகளைப் பற்றிய அறிவு உருவாகியிராத காலமாதலால் அவர் தந்த விளக்கமும் முழுமையற்றது. விளக்கத்தை மருத்துவர்கள் சந்தேகித்ததில் தவறில்லை. ஆனால் ஒரு கூற்றுக்குள் மூன்று தனிப் பகுதிகள் இருக்கின்றன என்பதை அவர்கள் கவனிக்கவில்லை: நடந்தது என்ன, ஏன் நடந்தது, என்ன செய்ய வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை அரைகுறையாக இருந்தாலும் முதலாவதற்கு விடை எண்களில் தெளிவாக இருந்தது. மூன்றாவதைச் செய்து பார்க்கச் சிறிது கரைசலும் சில நிமிடங்களும் போதும். பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்திருந்தால் விளக்கத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கையை மட்டும் கழுவியிருப்பார்கள்.

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன ஆல்ஃபிரட் வெகனரின் கதையிலும் இதே பிரிவினை தேவைப்படுகிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் பொருந்துவதையும், இரண்டு கண்டங்களிலும் ஒரே வகைப் புதைபடிவங்கள் கிடைப்பதையும் அவர் காட்டினார். கண்டங்களை நகர்த்தும் விசையாக அவர் குறிப்பிட்டவை மிகவும் வலுவற்றவை என்று எதிர்ப்பாளர்கள் சொன்னது முற்றிலும் சரி. அதிலிருந்து கண்டங்கள் நகரவே இல்லை என்று முடிவுகட்டியதுதான் தவறு. கடலடித் தரை விரிவடைவதற்கான சான்றுகள் 1960களில் கிடைத்தபோது வெகனர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

இதுவரை பார்த்தவை கேட்க மறுத்ததால் வந்த இழப்புகள். எளிதில் ஒப்புக்கொள்வதால் வரும் பிழையை விளக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. கணக்குக் கேள்வி கேட்டால் அந்தக் குதிரை குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். ஓய்வுபெற்ற ஆசிரியரான அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் அதற்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருந்தார். அவர் மோசக்காரரும் அல்ல. 1904-இல் ஒரு குழு வந்து ஆராய்ந்து, இதில் தந்திரம் ஏதும் இல்லை என்று அறிவித்தது. அறிவிப்பு உண்மையே. எனினும் ஏமாற்று இல்லை என்பதிலிருந்து குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்பதற்குப் பலர் தாவிவிட்டார்கள்.

ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் கேள்வியை மாற்றிக் கேட்டார். குதிரைக்கு உண்மையாகவே கணக்குத் தெரியுமானால், கேட்பவருக்கு விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? எண் எழுதிய அட்டையைக் கேட்பவர் பார்க்காமல் குதிரைக்கு மட்டும் காட்டச் செய்தார். ஹான்ஸ் பெரும்பாலும் தவறாகவே தட்டியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் அதே நிலை. பிறகு அவர் மனிதர்களைக் கூர்ந்து கவனித்தார். கேள்வி கேட்டு முடித்தவர், குளம்பைப் பார்ப்பதற்காகத் தம்மை அறியாமலே சற்றுக் குனிகிறார். குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண்ணிக்கை வந்ததும் அவருடைய தலை இம்மியளவு நிமிர்கிறது, குதிரை நிறுத்திவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த பிறகு, அந்த அசைவைத் தாமே அடக்க முயன்றும் முழுமையாக முடியவில்லை என்று ஃபுங்ஸ்ட் பதிவு செய்திருக்கிறார்.

கறாரான சோதனை புதுமையைக் கொன்றுவிடும் என்று அஞ்சுபவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும். கணக்குப் போடும் குதிரை கிடைக்கவில்லை என்றாலும், மனிதர்கள் தம்மை அறியாமல் தரும் நுண்ணிய குறிப்புகளை விலங்குகள் படித்துவிடும் என்ற, அதைவிடப் பயனுள்ள அறிவு கிடைத்தது. விலங்குகளிடமும் மனிதர்களிடமும் ஆய்வு நடத்தும்போது, சரியான விடையை அறிந்தவர் சோதனைக்கு உள்ளானவரின் கண்ணில் படாதபடி ஏற்பாடு செய்யும் வழக்கம் வலுப்பெற இதுவும் ஒரு காரணம்.

ஒரு கருத்து பொய்யானால் எங்கே தெரியவரும் என்று தேடிப் பார்ப்பதை, ஹான்ஸை நம்பியவர்களைப் போல நாமும் அன்றாடம் விட்டுவிடுகிறோம். 1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவை. நீங்கள் வேறு மூன்றெண் வரிசைகளைச் சொல்லிச் சொல்லி, அவை விதிக்குள் வருகின்றனவா என்று கேட்டு, விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோர் 8, 10, 12 என்கிறார்கள், பொருந்துகிறது. 20, 22, 24 என்கிறார்கள்; அதுவும் பொருந்துகிறது. இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று நம்பிக்கையோடு விடை சொல்கிறார்கள், விடை தவறு. விதி, ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்ணும் என்பதே. 1, 7, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தம் ஊகம் உடைவது தெரிந்திருக்கும். அதைக் கேட்கத் தோன்றாததற்குக் காரணம் அறிவுக்குறைவு அல்ல. நம் ஊகத்துக்கு "ஆம்" என்ற விடை வரக்கூடிய இடங்களையே மனம் தேடிப் போகிறது. ஒரு கருத்து பிடித்துப்போனால் அதற்கு ஆதரவான பத்துச் செய்திகளைத் திரட்டுவதைவிட, அது பொய்யானால் எங்கே அகப்படும் என்று யோசித்து அந்த ஒரே இடத்தில் பார்ப்பது மேல்.

எவ்வளவு சான்று இருந்தால் போதும் என்ற கேள்வி அடுத்து வருகிறது. இதை ஒரு கற்பனைக் கணக்கு மூலம் விளக்கலாம். ஒரு துறையில் 1000 புதிய கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன, அவற்றில் 100 மட்டும் உண்மையானவை என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் உள்ள சோதனை நல்ல சோதனைதான். உண்மையான கருத்துகளில் 100-க்கு 80-ஐத் தேறவிடும், பொய்யானவற்றில் 20-க்கு ஒன்றை மட்டும் தவறித் தேறவிடும். அப்படியானால் உண்மையானவற்றில் 80-உம், பொய்யான 900-இல் 45-உம் தேறுகின்றன. தேறிய 125-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பொய். சோதனையில் கோளாறு இல்லை. தொடக்கத்திலேயே பொய்யான கருத்துகள் மிகுந்திருந்தன என்பதே காரணம். இந்த 125-ஐயும் வேறொருவர் தனியாக மீண்டும் அதே தரத்தில் சோதித்தால், உண்மையானவை 64-உம் பொய்யானவை இரண்டும் மிஞ்சும். வேறொரு குழுவும் அதே முடிவை எட்டியதா என்று விவரம் அறிந்தவர்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறார்கள் என்பது இந்த எண்களிலிருந்து விளங்கும். மிக அரிதான, ஏற்கெனவே உறுதியான அறிவுக்கு முரணான கூற்றுக்கு மிகுதியான சான்று கேட்பது, சொன்னவரை அவமதிப்பது ஆகாது. தொடக்க நிலையில் அதன் வாய்ப்பு குறைவு என்பதற்கு ஈடுகட்டுவதே அது.

இந்த அணுகுமுறை பெரிய அளவில் செயல்பட்டதை 2011 செப்டம்பரில் உலகம் பார்த்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து, ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகள்கள், ஒளி வந்துசேர வேண்டிய நேரத்தைவிட 60 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னதாக வந்ததாக ஓபெரா என்ற ஆய்வுக் குழு தெரிவித்தது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற இயற்பியலின் அடித்தளத்தையே இது அசைக்கும். குழுவினர் இதை மறைக்கவும் இல்லை, இயற்பியலை வென்றுவிட்டதாக அறிவிக்கவும் இல்லை. எங்களால் இயன்றவரை தேடியும் பிழை கிடைக்கவில்லை, நீங்களும் சோதித்துப் பாருங்கள் என்று மற்ற அறிஞர்கள் முன் வைத்தார்கள்.

மற்றவர்களும் அதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஏற்கெனவே தெரிந்ததோடு பொருத்திப் பார்த்தார்கள். 1987-இல் நம் பால்வெளிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன்திரள் ஒன்றில் ஒரு விண்மீன் வெடித்தபோது, அதிலிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள் வெடிப்பின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்புதான் பூமிக்கு வந்தன. ஓபெரா அளந்த வேகம் எல்லா நியூட்ரினோக்களுக்கும் பொருந்துமானால், சுமார் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவைக் கடந்த அவை ஒளிக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்க வேண்டும். இரண்டு வகை நியூட்ரினோக்களின் ஆற்றலும் வேறு என்பதால் இது மட்டுமே முடிவான மறுப்பு ஆகாது; ஆனால் ஐயத்துக்கு வலுவான காரணம். 2012-இல் விடை கிடைத்தது: நேரக் குறிப்பைக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்பட்டிருக்கவில்லை. திருத்திய பிறகு நியூட்ரினோக்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போனது. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. நம்ப முடியாத ஓர் அளவீடு முழுமையாகக் கேட்கப்பட்டு, ஒரே ஆண்டுக்குள் தெளிவாகத் தீர்க்கப்பட்டது.

அறிவியலுக்கு வெளியே, நம் சொந்த வாழ்க்கையில் இதே ஒழுங்கைப் பின்பற்ற ஆய்வகம் தேவையில்லை. எதிர்க் கருத்து ஒன்றை, அதைச் சொன்னவரே "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி நம்மால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது முதல் படி. அது முடியாதவரை நாம் மறுப்பது அவருடைய கருத்தை அல்ல, நாமே புனைந்துகொண்ட ஒன்றை. அடுத்தது, ஏற்று நடந்து அது பொய்யானால் என்ன இழப்போம், அந்த இழப்பைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா என்பது. புதிய முறையில் படித்துப் பார்ப்பது, வேறு நேரத்தில் உறங்கிப் பார்ப்பது போன்றவற்றை அரைகுறைச் சான்றோடும் முயன்று பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். சேமிப்பு முழுவதையும் ஒரு திட்டத்தில் போடுவது, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்துவது போன்ற மீள முடியாத முடிவுகளுக்கு அந்தத் தாராளம் ஆகாது.

இவற்றைவிடக் கடினமானது, பிடித்த கருத்துக்கும் பிடிக்காத கருத்துக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவது. பிடித்த செய்தி வந்தால் "இதை நம்பலாமா?" என்றும், பிடிக்காத செய்தி வந்தால் "இதை நம்பியே ஆக வேண்டுமா?" என்றும் மனம் கேட்கிறது. முதல் கேள்விக்கு ஒரு சிறு சான்று போதும். இரண்டாவது கேள்விக்கு எத்தனை சான்றும் போதாது. இந்தச் சாய்வை நம் உள்ளத்திலிருந்து நீக்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இதே தரமுள்ள சான்று எதிர்ப் பக்கத்துக்கு ஆதரவாக வந்திருந்தால் ஏற்றிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலான நேரங்களில் விடை உடனே தெரிந்துவிடும்.

புதுமைக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ஒரு வாதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெரிய கண்டுபிடிப்பாளர்களையும் உலகம் முதலில் எள்ளி நகையாடியது, என்னையும் நகையாடுகிறது, ஆகவே நான் சொல்வது சரி என்பது அந்த வாதம். எள்ளப்பட்டவர்களில் சரியாகச் சொன்னவர்களின் பெயர்களை மட்டும் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது; தவறாகச் சொல்லி மறக்கப்பட்டவர்கள் அவர்களைவிட மிக அதிகம். எதிர்ப்பு ஒரு கருத்தைப் பொய்யாக்குவதில்லை, உண்மையாக்குவதும் இல்லை. அதேபோல எல்லாக் கருத்தையும் நாமே சோதித்தாக வேண்டும் என்ற கடமையும் யாருக்கும் இல்லை. பலமுறை சோதித்துக் கைவிடப்பட்ட கருத்து, புதிய சான்று எதுவும் இல்லாமல் மீண்டும் வரும்போது, "புதிதாக என்ன கிடைத்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்வது மூடிய மனம் ஆகாது.

ஒரு கருத்தை எவ்வளவு காலம் முடிவுகட்டாமல் வைத்திருக்கலாம் என்பதற்கு வயிற்றுப் புண்ணின் வரலாறு நல்ல பாடம். மன அழுத்தமும் அமிலமுமே வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று நம்பப்பட்ட காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஒரு பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்றார்கள். இன்று அது ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படுகிறது. 1984-இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியா கலந்த திரவத்தைத் தாமே குடித்து, சில நாள்களில் இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். துணிச்சலான செயல், கதையாக எங்கும் பரவியதும் அதுதான். ஆனால் ஒரே மனிதர், ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை, வந்ததும் அழற்சியே தவிரப் புண் அல்ல. அதை மட்டும் வைத்து ஏற்க மறுத்த மருத்துவர்களைக் குறைகூற முடியாது. பாக்டீரியாவை மருந்தால் ஒழித்த நோயாளிகளுக்குப் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது என்பதை ஒப்பீட்டுச் சோதனைகள் அடுத்தடுத்துக் காட்டிய பிறகு, 1994-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு இந்தப் பாக்டீரியாத் தொற்றுள்ள புண் நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பரிந்துரைத்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1984-க்கும் 1994-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில், சான்று போதவில்லை என்று சொல்லிக்கொண்டே அந்தச் சான்றைத் திரட்டும் சோதனைகளில் தம் நோயாளிகளைச் சேர்த்த மருத்துவர்களும் இருந்தார்கள், சான்று போதவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராதவர்களும் இருந்தார்கள். வாயால் சொன்னது ஒன்றே என்றாலும், முதல் வகையினரை மட்டுமே திறந்த மனம் உடையவர்கள் என்று சொல்லலாம்.